சுட்ட டேட்டாவா, சுடாத டேட்டாவா?

நாவலூர் என்ற பெயரில் நாவல் மரம் இருக்கிறது. நேரில் இருப்பது மெட்ரோ தூண். மக்கள் ஓ.எம்.ஆர். என்றும், போர்டுகள் ராஜீவ் காந்தி சாலை என்றும் சொல்கிற ரோட்டில், சோழிங்கநல்லூர் தாண்டி, செம்மஞ்சேரி தாண்டி, சிறுசேரிக்குச் சற்று முன்னால் வருகிற ஊர். ரொம்ப நாள் இதன் அடையாளம் டோல்கேட்தான். 2023-ல் வசூலை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஏ.ஜி.எஸ். தியேட்டரையும், அடுக்கி வைத்த தீப்பெட்டிகள் போல எழும்பிய அபார்ட்மென்ட்களையும் சொல்லித்தான் ஆட்டோக்காரருக்கு வழி புரிய வைக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நாவலூர் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். முதுகில் லேப்டாப், கையில் ஒரு துணிப்பை (உள்ளே அழுக்குச் சட்டைகள், அம்மா கவனத்துக்கு), காதில் ஹெட்போன். திருநெல்வேலி, மதுரை, விருதுநகர், தஞ்சாவூர் என்று பாதித் தமிழ்நாடு அங்கே நின்றுகொண்டிருக்கும். எல்லோரும் தாம்பரம் ரயில் நிலையத்துக்கோ கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கோ போகிறவர்கள். அப்போது தவறாமல் காதில் விழும் ஓர் உரையாடல்:

"மச்சான், திங்கக்கிழமை ஊர்லேர்ந்தே லாகின் பண்ணணும்டா. டேட்டா பத்துமா?"

"எதுக்குடா உன் டேட்டாவை எரிக்கிறே? தாம்பரம் ஸ்டேஷன்ல ஓசி வைஃபை இருக்குல்ல? அங்கயே எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிக்க."

ஓசி என்ற வார்த்தைக்கே ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனித் தபால்களுக்கு ஸ்டாம்ப் கிடையாது. 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதைச் சுருக்கி 'ஓ.சி.' என்று முத்திரை குத்தினால் போதும், இலவசமாகப் போய்ச் சேரும். நிஜமோ பொய்யோ, கம்பெனிக்காரர்கள் ஓசிக்கு ஆசைப்படுவது இன்று நேற்று வந்ததல்ல.

நாவல் மரம் என்றால் ஔவைப் பாட்டி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டாள். மேலே மாட்டுக்காரப் பையன் வேஷத்தில் முருகன். சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்டுவிட்டு உலுக்குகிறான். பழம் மண்ணில் விழுகிறது. பாட்டி மண்ணை ஊதுகிறாள். "என்ன பாட்டி, பழம் சுடுதா?" என்கிறான். நம் பஸ் ஸ்டாப் இளைஞர்களின் பிரச்னையும் இதுதான். சொந்தக் காசில் வாங்கிய மொபைல் டேட்டாவா, ஊர்ப் பொது வைஃபையா? பொது வைஃபை ஒன்றும் திருட்டுப் பழமல்ல. கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் காசுக் கணக்கு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, 250 மணி நேர டயல்-அப் கணக்குக்குத் தனிநபர் கட்டணம் 5,000 ரூபாய். போன் பில் தனி. பிறகு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, நிமிஷத்தை எண்ணிக்கொண்டே ரிசல்ட் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பதற்றம் தெரியும். 2016 வாக்கில்கூட ஒரு ஜி.பி. மொபைல் டேட்டா 250 ரூபாயை ஒட்டி இருந்தது.

அந்த வருஷம் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜனவரியில் கூகுளும் ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனமும் சேர்ந்து மும்பை சென்ட்ரலில் இலவச வைஃபையைத் தொடங்கின. செப்டம்பரில் ஜியோ வந்தது. முதலாவது பிளாட்பாரத்துக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது. இரண்டாவது அதைச் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது. பந்தயம் நாலே வருஷத்தில் முடிந்தது. 400 ஸ்டேஷன்களுக்கு மேல் வைஃபை போட்ட கூகுள், 2020-ல் கடையைக் கட்டிக்கொண்டது. சொன்ன காரணங்களில் முக்கியமானது: மொபைல் டேட்டா மலிவாகிவிட்டது. ரெயில்டெல் மட்டும் 'ரெயில்வயர்' என்ற பெயரில் தொடர்ந்து நடத்தி, 6,000-க்கு மேற்பட்ட ஸ்டேஷன்களுக்குக் கொண்டுபோய்விட்டது. தினம் முதல் அரை மணி நேரம் இலவசம். வேகம் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பல்ல, நொடிக்கு ஒரு மெகாபிட். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் பத்து ரூபாயிலிருந்து பணம் கட்டலாம் என்று 2021-ல் திட்டங்கள் வந்தன.

இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் என்றால் முப்பது நிமிஷத்தில் 1,800 மெகாபிட். எட்டால் வகுத்தால் 225 எம்.பி. ஜியோ 2024 ஜூலையில் விலையேற்றியபோது, தினம் ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 299 ரூபாய்க்கு 42 ஜி.பி.; ஒரு ஜி.பி. ஏழு ரூபாய் சொச்சம். அந்த விலைக்கு, பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் கால் கடுக்க நின்று நீங்கள் சேமிப்பது ஒரு ரூபாய் அறுபது காசு!

அந்த அரை மணியில் ஒரு டீ குடித்தால் கணக்கு நஷ்டத்தில் முடியும்.

இது போதாதென்று வைஃபைக்கு ஒரு சுபாவம் உண்டு. அது உட்கார்ந்த இடத்தில் இருக்கிற தேவதை. உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-ல் திறந்துவிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பிறந்து வளர்ந்தது. எல்லோருக்கும் பொது என்பதால் சத்தமாகப் பேசக் கூடாது என்று விதி; பவர் குறைவு. அதனால் சில பத்து மீட்டர்கள்தான் எட்டும். அதிலும் சுவர் வந்தால் சுருண்டுவிடும். செல்போன் டவரோ கிலோமீட்டர் கணக்கில் எட்டும். நீங்கள் நகர நகர, ஒரு டவர் அடுத்த டவரிடம் உங்களை ஒப்படைத்துக்கொண்டே வரும், ராத்திரி ரயிலில் ஒரு டி.டி.ஆர். அடுத்தவரிடம் சார்ட்டைக் கொடுப்பதுபோல. வைஃபைக்கு அந்த ஏற்பாடு ஒரே கட்டடத்துக்குள், ஒரே நெட்வொர்க்குக்குள்தான்.

நாவலூரிலிருந்து தாம்பரம் வரை பஸ்ஸில் வைஃபையை ஆன் செய்து வைத்துப் பார்த்திருக்கிறேன். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், மேடவாக்கம், செம்பாக்கம், கேம்ப் ரோடு என்று இருபது கிலோமீட்டருக்கு மேல். லிஸ்ட்டில் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 'செகண்ட் ஃப்ளோர்', 'அப்பா போன்', 'கேக்காதே தரமாட்டேன்' என்று விதவிதமாக. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பூட்டு. பூட்டு இல்லாத ஒன்றிரண்டைத் தொடுவதற்குள் சிக்னல் பச்சை விழுந்துவிடுகிறது. பயணத்தில் வைஃபை என்பது ஜன்னலோரம் தெரிகிற இளநீர்க் கடை மாதிரி. பார்க்கலாம், குடிக்க வேண்டுமானால் இறங்க வேண்டும்.

இறங்குகிறோம். தாம்பரம். பிளாட்பாரத்தில் வைஃபையைத் தொட்டதும் ஒரு பக்கம் திறக்கிறது. மொபைல் நம்பர் கொடு என்கிறது. கொடுத்தால் ஓ.டி.பி. அனுப்புகிறேன் என்கிறது. ஓ.டி.பி. எதில் வரும்? செல்போன் சிக்னலில். ஆக, சிக்னல் இல்லாத ஆசாமிக்கு வைஃபை கிடைக்காது. சிக்னல் இருக்கிற ஆசாமிக்கு அநேகமாக வைஃபை தேவைப்படாது. பூட்டின சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை!

இதற்குப் பின்னால் விளையாட்டில்லாத காரணம் ஒன்று இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன்னால் வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அதன் பிறகு 2009-ல், யார் பயன்படுத்துகிறார்கள் என்று அடையாளம் தெரியாமல் பொது வைஃபை தரக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. நம் நாட்டில் அடையாளத்துக்குச் சுலபமான வழி மொபைல் நம்பர். எனவே ஓ.டி.பி.

இந்த ஓ.டி.பி. நம்மை ஒன்றும் செய்துவிடாது. மாட்டிக்கொள்வது வேறு ஆட்கள். பினாங்கிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து இறங்குகிற சொந்தக்காரரை யோசித்துப் பாருங்கள். கையில் நல்ல போன், ஆனால் இந்திய நம்பர் இல்லை. வைஃபை கண்ணெதிரே நாலு கோடு காட்டுகிறது. பக்கமோ +91 என்று பிடிவாதம் பிடிக்கிறது. சில விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கூப்பன் தருகிறார்கள். ரயில் பிளாட்பாரத்தில் யாரிடம் காட்டுவது? சித்தப்பா அழைத்துப்போக வந்த பையனின் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் ஊருக்குள் நுழைகிறார். சிங்கப்பூரில் 2006-ல் தொடங்கிய 'வயர்லெஸ் அட் எஸ்.ஜி.' என்ற பொது வைஃபையில் வெளிநாட்டு நம்பரிலும் பதிவு செய்துகொள்ளலாம். அங்கேயும் அடையாளம் கேட்கிறார்கள். ஆனால் விருந்தாளியும் வருவான் என்று நினைத்துக் கேட்கிறார்கள்.

இதே ஞானம் வெளிநாடு போகும் நம்மவர்களுக்கும் உதவும். ஆன்சைட் என்று போகிறவர்கள் இந்திய சிம்மைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். புறப்படும் முன்பே ரோமிங்கை ஆன் செய்துகொண்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, இரண்டாவது சிம்மாக அந்த ஊர் சிம்மைப் போடுவது உத்தமம். கொழும்பு போகிறவர்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே டூரிஸ்ட் சிம் கவுன்டர்கள் இருக்கின்றன.

அடுத்து, பயம். "பொது வைஃபையில் பேங்க் பக்கம் போகாதே, எல்லாம் போய்விடும்" என்று ஆபீஸில் ஒருத்தராவது சொல்லியிருப்பார். ஒரு காலத்தில் அது முழு உண்மை. 2010-ல் 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சின்ன புரோகிராம் வந்தது. காபிக் கடையில் உட்கார்ந்து அதை ஓட்டினால், அதே வைஃபையில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம். எழுதியவர் திருடனல்ல, கம்பெனிகளின் மெத்தனத்தை அம்பலப்படுத்தத்தான் செய்தார். ரோஷம் வந்து எல்லோரும் மெல்ல மெல்ல 'எச்.டி.டி.பி.எஸ்.' என்ற பூட்டுக்கு மாறினார்கள். இன்று பேங்க் ஆப், யு.பி.ஐ., மெயில் எல்லாமே உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகின்றன. நடுவில் வைஃபைக்காரர் பார்த்தால், நீங்கள் எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். பைக்குள் என்ன என்பது தெரியாது.

அப்படியானால் மண் எங்கே ஒட்டியிருக்கிறது? வாசலில். வைஃபைக்கு யார் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நிற்பவர் தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு 'ஃப்ரீ ஸ்டேஷன் வைஃபை' என்று பெயர் சூட்டினால் கேட்பாரில்லை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் மீது போலீஸ் இதற்காகவே வழக்குப் போட்டது. விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் நிஜ வைஃபை போலவே பெயர் வைத்து ஒரு போலி வைஃபை. உள்ளே வர மெயில் அல்லது சோஷியல் மீடியா பாஸ்வேர்டு கொடு என்று ஒரு பக்கம். ஏர்லைன் ஊழியர்கள் சந்தேகப்பட்டுச் சொன்னதால் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே ஊதிப் பார்க்கும் முறை இதுதான். வைஃபை பக்கம் மொபைல் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்பது வழக்கம், அதைக் கொடுக்கலாம். வந்த எஸ்.எம்.எஸ். அந்த வைஃபைக்குத்தான் வந்ததா என்று ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள். பேங்க் பெயரில் வந்திருந்தால் மூடிவிட்டு நடையைக் கட்டுங்கள். மெயில் பாஸ்வேர்டு கேட்டாலும், இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு நம்பர் கேட்டாலும், இந்த ஆப்பை இறக்கு என்றாலும் அதே சிகிச்சை. வேலை முடிந்ததும் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் இன்னொன்றைப் பார்த்தால் போன் தானாக ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பணம் சம்பந்தப்பட்ட காரியத்துக்கு மட்டும் சொந்த டேட்டா. நாலு எம்.பி. கூடச் செலவாகாத வேலைக்கு எதற்கு வீண் யோசனை?

இவ்வளவு சொன்ன பிறகு வைஃபைக்கு என்னதான் மரியாதை என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாவலூரிலேயே இருக்கிறது. பதினைந்தாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் நண்பர்களைக் கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே வங்காள விரிகுடா தெரியும். போனில் ஒரு கோடு தெரியாது. டவர் ஆன்டெனாக்கள் கீழே ரோட்டையும் வீடுகளையும் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டவை. போதாததற்கு நடுவில் கான்கிரீட். அங்கே போன் பேசுவதே வைஃபை வழியாகத்தான். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் அடுத்த மாதம் ஜியோவும் கொண்டுவந்த 'வைஃபை காலிங்' இல்லாவிட்டால் பாதிப் பேர் பால்கனியில் நின்றுதான் காதலித்திருப்பார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஒரு பாடம். மழைத் தண்ணீர் வடியாமல், கரன்ட் இல்லாமல், டவர்களின் பேட்டரி தீர்ந்து சென்னையின் பல பகுதிகளில் போன் ஊமையானது. அன்று ஜெனரேட்டரும் உயிரோடிருக்கும் ஃபைபர் வயரும் இருந்த வீட்டின் வைஃபைதான் அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தபால் ஆபீஸ். ஒரே கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்கக் கூடாது.

ரயிலிலும் அப்படித்தான். செங்கல்பட்டு கொளவாய் ஏரியைத் தாண்டி இருட்டுக்குள் போகப்போக, சிக்னல் வந்து வந்து போகும். ஓடும் ரயிலில் வைஃபை தரலாமா என்று ரயில்வே ஹவுரா ராஜதானியில் சாட்டிலைட் வைத்துச் சோதித்துப் பார்த்தது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2021-ல் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே வேண்டியதை எல்லாம் நாவலூர் ரூம் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு புறப்படுவதுதான் புத்திசாலித்தனம். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு ரயிலேறின வம்சம் நாம்.

அப்படியானால் ஸ்டேஷன் வைஃபை யாருக்காக?

2018-ல் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த ஒரு செய்தி. எர்ணாகுளம் ஜங்ஷனில் ஒரு போர்ட்டர். மூட்டை தூக்கிக்கொண்டே, காதில் இயர்போன் மாட்டி, ஸ்டேஷன் இலவச வைஃபையில் பாடங்களைக் கேட்டுக் கேட்டு, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் பாஸ் செய்தார். நமக்கு ஒரு ரூபாய் அறுபது காசு என்று கணக்குப் போட்டோமே, அதே அரை மணி நேரம்தான் அந்த மாதிரி ஒருவருக்கு வகுப்பறை. பேக் தீர்ந்துபோய், மாசக் கடைசியில் 299 ரூபாய் புரட்ட முடியாமல் இருப்பவர்கள் நாவலூரிலும் உண்டு. நம் கட்டடங்களையும் மெட்ரோ தூண்களையும் எழுப்பிக்கொண்டிருக்கிற வெளிமாநிலத் தொழிலாளர்கள், பார்சல் கொண்டுவரும் பையன்கள். அவர்கள் ராத்திரி ஊரோடு பேச வேண்டாமா?

2017-ல் தமிழக அரசு மெரினா உழைப்பாளர் சிலை உள்ளிட்ட சில இடங்களில் 'அம்மா வைஃபை' தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 'பி.எம். வாணி' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி டீக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ லைசென்ஸ் இல்லாமல், கட்டணம் இல்லாமல், வைஃபை வைத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக டேட்டா விற்கலாம். பெயரே 'பப்ளிக் டேட்டா ஆபீஸ்'. பழைய மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தின் பேரன். நாவலூர் டீக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன்.

"தம்பி, இங்க வர்றவுக எல்லாரும் கையில போனோடதான் வர்றாக. யாரு வாங்குவா?" என்றார். பிறகு கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சாரத்துல வேலை பாக்குற பயலுவ நம்ம கடை வைஃபை பாஸ்வேர்டு கேப்பானுவ. ஊருக்கு வீடியோல பேசணும்பான். நான் போட்டுக் கொடுத்துருவேன். அதுக்குப் போயி காசு வாங்குறதா?" என்றார்.

சித்திரை வெயிலில் நம் ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். பையில் பாட்டில் வைத்திருப்பவன் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். தப்பில்லை. ஆனால் "எல்லார்கிட்டயும் பாட்டில் இருக்கே, பந்தல் எதுக்கு" என்று பிரித்துப் போட்டுவிடக் கூடாது. பானைக்குப் பக்கத்தில் நின்று ரேஷன் கார்டைக் காட்டு என்று கேட்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

எனவே வெள்ளிக்கிழமை நண்பர்களே, தாம்பரத்தில் உங்கள் சொந்த டேட்டாவிலேயே படம் பாருங்கள். அந்த அரை மணி வைஃபை தேவைப்படுகிற ஆள் அதே பிளாட்பாரத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பார்.